காவிரியின் பெருமீனும் கரைகாத்த கூட்டமும்

மைசூர் நகரில் வாழும் தமிழ்க் குடும்பத்தினராகிய நாம் நாள்தோறும் அருந்துவது காவிரியும் கபினியும் தரும் நீரே ஆகும். நம்மில் சிலர் தஞ்சையினின்று வந்தோம். சிலர் சேலத்தினின்றும் கோவையினின்றும் வந்தோம். அங்கே நம் முன்னோர் கடைமடையில் காத்திருந்து பெற்ற நீரை, இங்கே நாம் தலைமடைக்கு அருகிலிருந்து பெறுகின்றோம். ஆதலின் காவிரியைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நம் நெஞ்சம் இரு கரையிலும் நிற்கிறது.

ஆயினும் அப்பேச்சு பெரும்பாலும் அணையின் நீர்மட்டத்தோடும் டி.எம்.சி. கணக்கோடும் முடிந்துவிடுகிறது. அந்நீரில் வாழும் உயிர்கள் யாவை, அவை முன்னர் எவ்வாறு இருந்தன, இன்று எந்நிலையில் உள்ளன, அவற்றைக் காக்க முற்பட்டவர் யாவர் என்னும் வினாக்களை நாம் எழுப்புவதில்லை. மீனைக் கொடியிலே பொறித்த மரபினர் நாம். காவிரியின் தலைசிறந்த மீனுடைய வரலாற்றையும், அம்மீனுக்கும் அதன் உறைவிடத்திற்கும் காவலாக நின்ற களப்பணியாளரின் வரலாற்றையும் இவ்வாண்டு மலரில் சுருங்கக் கூற விழைகின்றோம். நம் மைசூருக்கும் இவ்வரலாற்றில் இடம் உண்டு.

பெருமீனின் பெருமை

கெண்டை இனத்தைச் சேர்ந்த பெருமீன் ஒன்று காவிரியிலும் அதன் கிளையாறுகளிலும் தொன்றுதொட்டு வாழ்ந்து வருகிறது. ஆங்கிலேயர் அதனை மகசீர் என்றனர். மகசீர் இனங்கள் இந்திய நாட்டு ஆறுகள் பலவற்றில் உண்டு. எனினும் காவிரியில் வாழ்வது தனிச் சிறப்புடையது. தலையின் பின்புறத்தே திமில்போல் உயர்ந்த முதுகும், பொன்னிற உடலும், செம்மஞ்சள் துடுப்புகளும் அதன் அடையாளங்கள். இதனால் அது திமில் மகசீர் எனப்பட்டது. விரைந்தோடும் நீரையும் ஆழ்ந்த மடுக்களையும் அது விரும்பும். மழைக்காலத்தில் வெள்ளம் பெருகியவுடன் எதிரேறிச் சென்று, தூய நீர் ஓடும் சரளைப் பரப்பில் முட்டையிடும்.

பக்தியின் பெயரால் இத்தகைய மீன்களைக் காத்த இடங்கள் நம் நாட்டில் உண்டு. ஹாசன் மாவட்டத்தில் காவிரிக் கரையிலுள்ள இராமநாதபுரத்திலும், துங்கைக் கரையிலுள்ள சிருங்கேரியிலும் கோயிற்படித்துறை மீன்களுக்கு அன்பர்கள் பொரியிடுவர்; அவற்றைப் பிடிப்பார் இலர். அரசு ஆணையும் ஆயுதக் காவலும் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே, ஓர் ஊரின் ஒழுக்கமே ஒரு மடுவைக் காத்தது என்பதற்கு இவை சான்றாகும்.

மைசூரின் பெயர் இம்மீனோடு இணைந்தது வேறொரு வகையால். இருபதாம் நூற்றாண்டு முழுவதும் இந்நகரில் புகழ்பெற்று விளங்கியது வான் இஞ்சன் குடும்பத்தாரின் பதனிடு நிலையம். வேட்டையாடப்பட்ட புலி, சிறுத்தை முதலியவற்றின் தோலைப் பதப்படுத்தி, உயிருள்ளவைபோல் நிறுத்தும் கலையில் அவர்கள் உலகப் பெயர் பெற்றவர்கள். அக்குடும்பத்தைச் சேர்ந்த டி வெட் வான் இஞ்சன், 1946-ஆம் ஆண்டில் கபினியாற்றில் 120 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 54 கிலோ எடையுள்ள மகசீரைத் தூண்டிலிற் பிடித்தார். 1919-இல் காவிரியில் ரிவெட் கார்னக் என்னும் படைத்துறை அலுவலர் பிடித்தது 119 பவுண்டு. தூண்டிலிற் சிக்கிய மகசீர்களில் கபினி மீன் நெடுங்காலம் முதலிடம் பெற்றிருந்தது. வளர்ந்த ஆள் ஒருவரின் எடைக்கு நிகரான மீன்கள் நம் நகருக்கு அண்மையில் ஓடும் ஆறுகளில் உலவின என்பதை நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும்.

அணைகளும் மீன்வழியும்

ஆற்றின் குறுக்கே கல்லடுக்குவது புதிய செயலன்று. கல்லணையைக் கட்டியவர் நம் முன்னோர். சீரங்கப்பட்டணத்தருகே பதினேழாம் நூற்றாண்டில் கண்டீரவ நரசராச உடையார் எழுப்பிய அணையால் சிறு தீவுகள் தோன்றின; அத்தீவுகளே பிற்காலத்தில் பறவைகளின் இருப்பிடமாகி, சலீம் அலியின் முயற்சியால் 1940-இல் அரங்கனதிட்டுப் பறவைக் காப்பகமாயின. மனிதன் அடுக்கிய கல் சிற்சில வேளைகளில் பிற உயிர்களுக்கும் அடைக்கலம் ஆவதுண்டு.

ஆனால் வலசை செல்லும் மீனுக்கு அணை என்பது மூடிய கதவு. 1830-களில் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் மேலணையையும் கீழணையையும் கட்டினார். அவற்றால் தஞ்சைத் தரணி செழித்தது. அதனை மறுப்பார் இலர். எனினும் கடலிலிருந்து ஆற்றுள் ஏறி முட்டையிடும் உல்ல மீனின் வழி தடைப்பட்டது. சென்னைப் படையில் மருத்துவராக இருந்து, பின்னர் இந்திய மீன்துறையின் தலைமை ஆய்வாளரான பிரான்சிஸ் டே, 1873-இல் அளித்த அறிக்கையில், அணைகள் மீன்களை மறிப்பதையும், குஞ்சுகளைச் சல்லடைபோன்ற வலைகளால் அரித்தெடுப்பதையும் கண்டித்து எழுதினார். அத்தகையோரின் எழுத்தும் முயற்சியும் முதிர்ந்து 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டமாக உருப்பெற்றன. நீரில் வெடியும் நஞ்சும் இட்டு மீன் பிடித்தல் அச்சட்டத்தால் குற்றமாயிற்று.

கீழணையில் மீன் ஏறுவதற்கெனத் தனிவழி ஒன்றும் அமைத்துப் பார்த்தனர். உல்லம் அதனை ஏற்கவில்லை. பிற நாட்டில் துள்ளியேறும் சால்மன் மீனுக்கு வகுத்த வழி, துள்ளும் இயல்பில்லாத நம் மீனுக்குப் பொருந்தாமற் போனதில் வியப்பில்லை. பின்னர் 1911-இல் கிருஷ்ணராச சாகரப் பணி தொடங்கியது. 1934-இல் மேட்டூர் அணை நிறைவெய்தியது. வெள்ளம் அடங்கியதும், வெள்ளத்தை நம்பி ஏறிய மீன்களின் வரத்தும் குன்றியது. சென்னை மாகாண மீன்துறை இயக்குநராக இருந்த பி. சுந்தரராஜ், மேட்டூர் இந்தியாவுக்குக் கற்பிக்கும் பாடங்களை 1941-இல் ஒரு கட்டுரையாகவே வெளியிட்டார். அணை கட்டுவோர் மீனையும் எண்ணிக் கட்டவேண்டும் என்னும் குரல், பேரணைகள் பல எழுவதற்கு முன்னரே நம்மிடையே ஒலித்தது என்பதை நினைவிற் கொள்ளுதல் தகும்.

கரையைக் காத்தவர்

சட்டம் 1897-இலேயே வந்துவிட்டது. ஆனால் சட்டம் தானே கரையில் நடந்து காவல் புரிவதில்லை. பாறை பிளக்கவும் அணை கட்டவும் வந்த வெடிமருந்து, திருட்டு வழியில் மீன் பிடிப்போர் கைக்கும் எட்டியது. ஒரு மடுவில் ஒரு வெடி வெடித்தால், பெரியதும் சிறியதும் முட்டை சுமந்ததும் ஒருங்கே மடியும். காற்றுப்பை கிழிந்து பெரும்பகுதி அடியில் அமிழ்ந்துபோக, மேலே மிதக்கும் சிலவே அள்ளுவோர் கைக்குக் கிட்டும். நூறு ஆண்டு காத்த செல்வம் ஒரு நொடியில் அழியும்.

1970-களில் திமில் மகசீர் மறைந்தே போயிற்று என்று எண்ணியோரும் உண்டு. 1977-78-இல் இங்கிலாந்திலிருந்து வந்த தூண்டில்காரர் மூவர் காவிரியில் அது உயிருடன் இருப்பதைக் கண்டு உலகிற்கு அறிவித்தனர். 1972-இல் பெங்களூரில் தோன்றிய தென்னிந்திய வனவிலங்குச் சங்கம், சிவசமுத்திர அருவிக்குக் கீழே மேகதாட்டு நோக்கி ஓடும் காவிரியின் ஒரு பகுதியை அரசிடம் குத்தகைக்குப் பெற்றது. குடகிலும் அங்குள்ள வனவிலங்குச் சங்கத்தார் அவ்வாறே ஒரு பகுதியைப் பொறுப்பேற்றனர். பீமேசுவரி, காலிபோர், தொட்டமக்களி ஆகிய இடங்களில் தூண்டில் முகாம்கள் எழுந்தன.

இம்முகாம்களின் ஒழுங்கு எளியது. பிடித்த மீனை எடை பார்த்து, பேரேட்டிற் பதிந்து, உயிருடன் ஆற்றில் விட்டுவிடவேண்டும். வந்தோர் செலுத்திய கட்டணம் காவலர்க்குச் சம்பளமாயிற்று. அக்காவலர் யாவர்? பெரும்பாலும் கரையோரச் சிற்றூர் மக்கள். அவர்களுள் சிலர் முன்னர் வலை வீசியும் வெடி வைத்தும் திருட்டாக மீன் பிடித்தவர்களே. எந்த மடு ஆழமானது, எந்தப் பாறையிடுக்கில் மீன் ஒதுங்கும், வெடி வைப்பவன் எந்த ஒற்றையடிப் பாதையில் வருவான் என்பனவெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அவ்வறிவுக்கு ஊதியமும் மதிப்பும் கிடைத்தவுடன் அதுவே காவலாக மாறிற்று.

இரயில்வேயில் பணிபுரியும் நம்மவர்க்கு இதனை விளக்கப் பெரிய உவமை வேண்டுவதில்லை. பாலம் கட்டிய பொறியாளரின் பெயர் கல்லிற் பொறிக்கப்படும். ஆனால் வண்டி நாள்தோறும் தடம் புரளாமல் ஓடுவது, தண்டவாளத்தின் ஓரமாக மழையிலும் வெயிலிலும் நடந்து, தளர்ந்த ஆணியை இறுக்கும் கீமேனாலும், அவருடைய கூட்டத்தை நடத்தும் மேஸ்திரியாலுமே ஆகும். ஆற்றுப்பணியும் அத்தகையதே. பரிசலேறி மடுவைச் சுற்றுதல், இரவில் வெடியோசைக்குச் செவிகொடுத்தல், மறைவாக விரித்த வலையை அறுத்தெடுத்தல் ஆகிய சிறு செயல்களை இடைவிடாது செய்யும் கூட்டமே ஆற்றை வாழ்விக்கிறது.

நல்லெண்ணத்தால் நேர்ந்த தீங்கு

இனி இவ்வரலாற்றின் கசப்பான பகுதிக்கு வருகின்றோம்.

மராட்டிய நாட்டு லோணாவளாவில், டாட்டா மின்னாற்றல் நிறுவனத்தார் தம் ஏரிக்கரையில் மகசீர்க் குஞ்சு பொரிக்கும் நிலையம் ஒன்றை 1970-களில் நிறுவினர். அணைகளால் மகசீர் அருகிவருவதைக் கண்டு செய்த அறச்செயல் அது. அங்கே பொரித்த குஞ்சுகள் பல மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டன, காவிரியிலும் விடப்பட்டன. ஆற்றில் மீன் குறைந்துவிட்டது, ஆகவே மீனைக் கொண்டுவந்து விடுவோம் என்னும் எண்ணம் யாருக்கும் தவறாகத் தோன்றவில்லை. தோன்றுவதற்குக் காரணமும் அன்று இல்லை.

ஆனால் விடப்பட்டது நீலத் துடுப்பு மகசீர். 1839-இல் சைக்ஸ் என்பார் புனா நகரருகே ஓடும் முளா-முட்டா ஆற்றிலிருந்து கண்டெழுதிய இனம் அது. காவிரியின் செம்மஞ்சள் துடுப்புப் பெருமீனோ வேறினம். இரண்டும் மகசீரே எனினும் இரண்டும் ஒன்றல்ல. வந்த மீன் விரைந்து பெருகியது. தூண்டில்காரர்க்கு மீன் மிகுதியாகக் கிடைத்தது. காவல் பயன் தந்தது, ஆறு செழித்தது என அனைவரும் மகிழ்ந்தனர். மகிழ்ச்சிக்குக் கீழே மண்ணின் மைந்தனாகிய திமில் மகசீர் ஓசையின்றித் தேய்ந்துகொண்டிருந்தது.

பேரேடு கூறிய உண்மை

இத்தேய்வை வெளிப்படுத்தியது முகாம் பேரேடு. எழுத்தர் தொழில் புரிவோராகிய நமக்கு இது சிறப்பாகப் பெருமை தரத்தக்கது. காலிபோர் முகாமில் 1998 முதல் 2012 வரை 15 ஆண்டுகள், எத்தனை மணி நேரம் தூண்டிலிட்டனர், எத்தனை மீன் கிடைத்தன, ஒவ்வொன்றின் எடை யாது என்று பதிந்துவைத்த கணக்கு அது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மீன்கள் அதில் இடம்பெற்றிருந்தன. இங்கிலாந்தைச் சேர்ந்த அட்ரியன் பிண்டரும் கேரளத்தைச் சேர்ந்த இராஜீவ் இராகவனும் பிறரும் அதனை ஆராய்ந்து 2015-இல் முடிவுகளை வெளியிட்டனர்.

பேரேட்டின் மொத்தத் தொகை மகிழ்ச்சி தந்தது: ஆண்டுதோறும் மீன் கூடிவந்தது. இனம் பிரித்துக் கூட்டியபோதோ நிலைமை தலைகீழாயிற்று. கூடியது நீலத் துடுப்பு. குறைந்தது திமில் மகசீர். அதிலும், பிற்பட்ட ஆண்டுகளில் அகப்பட்ட திமில் மீன்கள் பெரும்பாலும் முதிர்ந்தவை. இளங்குஞ்சுகளைக் காண்பதே அரிதாயிற்று. பிள்ளைகள் இல்லாத வீட்டில் முதியோர் மட்டும் எஞ்சியிருப்பதை ஒத்த நிலை அது. மொத்தத் தொகையை மட்டும் பார்த்து மேலே அனுப்பும் அலுவலகக் கணக்கு எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

இதனினும் வியப்பானது ஒன்று உண்டு. நூறாண்டுக்கு மேலாக உலகப் புகழ் பெற்றிருந்த அம்மீனுக்கு உறுதியான அறிவியற் பெயரே இல்லாதிருந்தது. நீலகிரியின் வடக்கே முதுமலைக்கும் பந்திப்பூருக்கும் இடையே ஓடும் மோயாற்றில் கிடைத்த மீன்களை ஆராய்ந்து, 2018 சூன் திங்களில் அது டோர் ரெமாதேவி என்னும் இனமே என நிறுவினர். அவ்வினம் முதலில் அறியப்பட்டது, கேரள மலையில் தோன்றித் தமிழகத்து அமராவதியிற் கலக்கும் பாம்பாற்றில். சென்னையிலுள்ள விலங்கியல் ஆய்வுத்துறை அலுவலகத்தில் பணியாற்றிய கே. ரெமாதேவி அம்மையாரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டிருந்தது. அவ்வாண்டு நவம்பரிலேயே உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதனை அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவித்தது.

அதே 2018-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களிலேதான் உச்ச நீதிமன்றம் காவிரி நீர்ப் பங்கீட்டில் தன் தீர்ப்பை வழங்கியது. அத்தீர்ப்பை அறிய நம் குடியிருப்பில் எத்துணை ஆவல் இருந்தது! நான்கு திங்கள் கழித்து, அக்காவிரியின் பெருமீன் தன் பெயரைப் பெற்ற செய்தி நம்மில் பலருடைய செவிக்கு எட்டவேயில்லை.

இதற்கிடையே மற்றொன்றும் நிகழ்ந்தது. வனவிலங்குக் காப்பகத்திற்குள் தூண்டிலிடுதல் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு ஒவ்வாது என்று கொண்டு, 2012-ஆம் ஆண்டோடு அம்முகாம்களில் அது நிறுத்தப்பட்டது. சட்டத்தின் நோக்கம் தூயது. ஆனால் கட்டணம் நின்றதும் கரைக்காவலர்க்கு வாய்த்த ஊதியமும் நின்றது, பேரேடும் மூடப்பட்டது. ஆற்றங்கரையில் நடந்த கால்களுக்கு மாற்று ஏற்பாடு செய்யாமல் தடை விதித்தால் வெடி வைப்பவனுக்கே வழி திறக்கும் என்று ஆய்வாளர் கவலையுற்றனர். அக்கவலை கருதத்தக்கது.

பிற நாட்டார் கற்ற பாடம்

இத்தகைய பிழை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டின் மேற்குக் கரையில், ஆரிகன், வாசிங்டன் மாநிலங்களின் ஓடைகளில் சால்மன் மீன் ஏறுகிறது. அங்கே இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஓடைகளில் விழுந்து கிடந்த பெருமரங்கள் மீனின் வழியை மறிக்கின்றன என்று கருதி, கூலியாட்களை அமர்த்தி அவற்றையெல்லாம் இழுத்து அகற்றினர். ஓடை தூய்மையாயிற்று, மீனோ குறைந்தது. விழுந்த மரமே வெள்ளத்தின் வேகத்தைத் தணித்து, மடுவைத் தோண்டி, சரளையைத் தேக்கி, குஞ்சுக்கு நிழலும் மறைவிடமும் தந்தது என்பதைப் பிற்பாடு உணர்ந்தனர். இன்று அவ்விடங்களிலேயே களக்கூட்டங்கள் மரங்களைச் சுமந்துவந்து மீண்டும் ஓடையில் இடுகின்றன. எல்வா ஆற்றின் இரண்டு அணைகளை 2011 முதல் 2014 வரை இடித்து அகற்றி, சால்மனுக்கு மூடியிருந்த கதவைத் திறந்ததும் அந்நாட்டாரே.

ஆற்றுப்பணியின் ஒழுங்கு

மேற்கூறியவற்றால் ஆற்றைச் சீர்செய்யும் கூட்டத்தை நடத்துவோர் பின்பற்றத்தக்க ஒழுங்கு ஒன்று புலனாகிறது. முதலாவது, அறிதல். அந்த ஆற்றில் எது வாழ்ந்தது, எது வந்தது, எந்தத் திங்களில் எங்கே முட்டையிடும் என்பதைக் கரையில் வாழும் செம்படவரிடமும் முதியோரிடமும் கேட்டு எழுதிக்கொள்ளல் வேண்டும். முட்டையிடும் காலத்தில் சரளைப் பரப்பில் கால் வைக்காதிருப்பதும் ஒரு பணியே. இரண்டாவது, காத்தல். வெடி, நஞ்சு, மணற்கொள்ளை ஆகியவற்றைத் தடுக்காமல் செய்யும் வேறெந்தப் பணியும் ஓட்டைக் குடத்தில் ஊற்றிய நீராகும். மூன்றாவது, கரையைப் பேணுதல். காவிரிக் கரையின் நீர்மருத மரங்கள் வேரால் மண்ணைப் பிணித்து, வேரிடுக்கில் மீனுக்கு மறைவிடம் அளித்து, கோடையில் நீரைக் குளிர்விக்கின்றன. மீனைக் கொண்டுவந்து விடுதல் எல்லாவற்றுக்கும் இறுதியில் வரவேண்டியது. அதுவும் அந்த ஆற்றுக்கே உரிய மீனாக இருத்தல் வேண்டும். காவிரியில் இந்த ஒழுங்கு தலைகீழாக நடந்தது. அதன் விலையைத் திமில் மகசீர் செலுத்துகிறது.

இவ்வொழுங்கு தமிழர்க்குப் புதியதன்று. மழைக்கு முன் ஊரார் ஒன்றுகூடி ஏரிக்கரையை உயர்த்தி, வாய்க்காலைத் தூர்வாரிய குடிமராமத்து நம் மரபு. கட்டாய உழைப்புக்கெனச் சென்னை அரசு 1858-இல் சட்டம் இயற்றியும் அம்மரபு நாளடைவில் நலிந்தது. 2017-இல் தமிழக அரசு அப்பெயராலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பெயர் மீண்டது நன்று. தன் ஊர் வாய்க்காலைத் தானே காக்கும் உணர்வும் உடன் மீளுதல் வேண்டும்.

நாம் இருக்கும் இந்நகரிலேயே அதற்கு இடம் உண்டு. மும்மடி கிருஷ்ணராச உடையார் காலத்தில், 1864-இல், அமைந்த குக்கரஹள்ளி ஏரிக்கு நீர் கொணர்ந்தது திவான் பூர்ணய்யாவின் பெயர் தாங்கிய கால்வாய். நகரம் வளர வளரக் கட்டடங்கள் எழுந்து அக்கால்வாய் பலவிடத்தும் தூர்ந்தது. ஏரியைச் சுற்றி மாலையில் உலவும் நாம், அதற்கு நீர் எவ்வழியே வந்தது என்பதையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம். அங்குள்ள மீனையும் பறவையையும் ஆண்டுக்கொரு முறை எண்ணி ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்கும் பணியை நம் சங்கத்து இளைஞர் மேற்கொள்ளலாம். அது சிறிய பணியே. ஆயினும் காலிபோர்ப் பேரேட்டை எழுதியோரும் தாம் ஒரு நாள் பேருண்மை ஒன்றை வெளிப்படுத்தப்போவதாக எண்ணி எழுதவில்லை. அன்றாடம் கண்டதை அன்றாடம் எழுதினர்; அவ்வளவே.

திமில் மகசீர் இன்னும் முற்றாக அழியவில்லை. மோயாற்றிலும் பாம்பாற்றிலும் அது உயிர்வாழ்வது கண்டறியப்பட்டுள்ளது. தமிழகம், கருநாடகம், கேரளம் ஆகிய மூன்று நாட்டு மலைகளிலும் அதன் தாய்நீர் ஊறுகிறது. எந்த ஒரு நாட்டார் மட்டும் முயன்றும் அதனைக் காத்தல் இயலாது. நீரைப் பங்கிடுவதில் வேறுபட்டு நிற்கும் மக்கள், நீரில் வாழும் உயிரைக் காப்பதில் ஒன்றுபடலாம் அன்றோ? தமிழைத் தாய்மொழியாகவும் கன்னட நாட்டை வாழ்விடமாகவும் கொண்ட நம்மவர் இதனை இரு மொழியிலும் எடுத்துச் சொல்லத் தக்கவர். இவ்வெண்ணத்தைச் சங்கத்து அன்பர்கள் முன் பணிவுடன் வைத்து அமைகின்றோம்.

வாழ்க காவிரி! வளர்க நம் சங்கம்!